கோடு நின்ற இடம்

உங்கள் அண்ணிக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "கடலுக்கு மேலே பறந்துபோய்த் தூசி எண்ணுகிறாள்" என்று சொல்வேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வீட்டுத் தூசியைத் துடைக்க நாதியில்லை, மகாராணி கடல் தூசியை எண்ணக் கிளம்பிவிட்டாள் என்று நானே எத்தனையோ தடவை சொல்லிக் காட்டியிருக்கிறேன். அவள் கோபித்துக்கொள்ளவே மாட்டாள். "துடைப்பம் கதவுக்குப் பின்னாடி இருக்கு, நாத்தனாரே" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள்.

அவளுக்கு எதிலும் பதற்றம் கிடையாது. அவளுக்கும் சேர்த்து எனக்கு உண்டு. பால் பொங்கி அடுப்பில் வழிந்தால் நான் ஊரைக் கூட்டுவேன். அவள் நடந்துபோய்க் குமிழைத் திருப்புவாள். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அடுப்புக் குமிழையும் குளியலறைக் குழாயையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவாள். "பதறாத காரியம் சிதறாது" என்பது அவள் வாயில் எப்போதும் இருக்கும் வார்த்தை. திருப்ப வேண்டிய எதையும் திருப்பாமல் அந்தக் கை வந்ததே இல்லை. அந்தக் கை ஒரே ஒரு நாள் மறந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தலையும் புரியாது, வாலும் புரியாது.

மேகத்தில் இருக்கும் ஒவ்வொரு துளிக்கும் ஒட்டிக்கொள்ள ஒரு துகள் வேண்டும். கடல் உப்போ, மண் தூசியோ, புகையோ ஏதோ ஒன்று. துகள்கள் கொஞ்சமாக இருந்தால் ஆளுக்கு நிறையத் தண்ணீர் கிடைக்கும், துளிகள் பெரிசாக இருக்கும். துகள்கள் கூடிவிட்டால் அதே தண்ணீரை எல்லாரும் பங்குபோட வேண்டும், துளிகள் பொடிப்பொடியாகிவிடும். பொடித்துளி மேகம் பளிச்சென்று வெளுத்து, வெயிலைத் திருப்பி மேலே அனுப்பும். எவ்வளவு துகளுக்கு எவ்வளவு வெளுப்பு என்பதுதான் பெரிய பெரிய மூளைகளுக்கும் பிடிபடாத கணக்கு. செயற்கைக்கோள் மேலேயிருந்து மேகத்தின் தலையை மட்டும் பார்க்கும். அது தலைக்கு மேலே வரும் நேரத்தில் யாராவது அதே மேகத்துக்கு அடியிலும் உள்ளேயும் போய் அளந்தால்தான் இரண்டையும் ஒத்துப் பார்க்க முடியும். அந்த யாரோதான் எங்கள் அண்ணி.

விமானத்தின் நெற்றியில் இரண்டு குழாய்கள் இருக்கும். ஒன்று சாதாரணக் காற்றுக்கு, மற்றது மேகத்துக்குள் போகும்போது. மேகத்துக்குள் நுழைகிற நேரம் பார்த்து அண்ணி ஒரு வால்வைத் திருப்பி மேகக்குழாய்க்கு மாற்ற வேண்டும். மறந்தால், அந்த வேகத்தில் மேகத்துளிகள் சாதாரணக் குழாயின் விளிம்பில் மோதிச் சிதறும். ஒரு துளி நூறு துண்டாகும். கருவிக்கு என்ன தெரியும், பாவம்? ஒவ்வொரு துண்டையும் ஒரு துகள் என்று எண்ணி, எண் வானத்துக்கு ஏறிவிடும். அத்தனையும் பொய். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அண்ணி இதை எனக்குச் சமையலறையில் குழாய்க்கு அடியில் கரண்டியைப் பிடித்துத் தண்ணீரைச் சிதறவிட்டுக் காட்டினாள். தரை முழுக்க நனைந்தது. துடைத்தது நான்தான்.

என் அண்ணன் சரக்குக் கப்பலில் தலைமை இன்ஜினியர். கப்பலின் புகை கடலுக்கு மேலே தாழ்ந்து கிடக்கும் மேகத்தில் ஏறினால், போன வழியெல்லாம் மேகம் வெளுத்து ஒரு கோடு விழும். கப்பல் தெரியாத உயரத்திலிருந்தும் அந்தக் கோடு தெரியும். அண்ணி அதைக் கிறுக்கல் என்பாள். கல்யாணமான பதினைந்து வருஷமாக வீட்டில் இதே வழக்குதான்.

"உங்க கப்பல் நேத்தும் நல்லாக் கிறுக்கியிருக்கு" என்பாள்.

"மேகம் வெளுத்தா ஊருக்குக் குளிர்ச்சிதானே? உன் மேகத்துக்கு இலவசமா வெள்ளையடிச்சுத் தர்றேன், அதுக்கும் திட்டா?" என்பான் அண்ணன்.

"அந்தப் புகைய மூக்குல இழுக்கறவங்ககிட்ட போய் குளிர்ச்சின்னு சொல்லுங்க. நல்ல எண்ணெய்ல ஓட்ட வேண்டியதுதானே?"

"கரைப்பக்கம் நல்ல எண்ணெய்தான் எரிக்கணும்னு சட்டம் போட்ட எல்லை வந்ததும் மாத்தறோமே! அப்புறம் என்ன? நீங்க மட்டும் யோக்கியமா? உங்க விமானப் புகைக்குள்ள நீங்களே திரும்பிப் போய், அதை எண்ணி, புதுசா ஏதோ கண்டுபிடிச்சிட்டோம்னு ஆடினீங்களே, மறந்துபோச்சா?"

அந்த ஒரு தப்பு அண்ணி சேருவதற்கு முன்னால் வேறு யாரோ செய்தது. ஆனாலும் அண்ணன் விடமாட்டான். அவன் கடலில் இருக்கும் மாதங்களில் இந்த வழக்கு வீடியோ அழைப்பில் நடக்கும். நடுவில் அவர்களுடைய மகள், எங்கள் வீட்டு வாலு, நீதிபதி மாதிரி உட்கார்ந்து இரண்டு பக்கமும் மதிப்பெண் போடுவாள்.

அந்தப் பயணத்தில் அண்ணன் ஒரு விஷயம் சொன்னான். இன்ஜினுக்கு எண்ணெய் தள்ளும் பம்பு ஒன்று ஒரு மாதிரியாகச் சத்தம் போடுகிறது, காது அதிலேயே இருக்கிறது என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அதற்கு மறுநாள் அழைப்பு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. அனுப்பிய செய்திகள் போய்ச் சேராமல் அப்படியே நின்றன.

கப்பல் கம்பெனி ஆபீசுக்கு நான் போன் போட்டேன். எடுத்தவர் குரலில் சர்க்கரைப் பாகு வழிந்தது.

"நாங்களும் தொடர்புகொள்ள முயற்சி பண்ணிட்டுதான் இருக்கோம் மேடம். கவலைப்பட ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அதான் தொடர்பே இல்லையே?"

அதற்குப் பிறகு அந்த ஆபீசில் சொன்னதெல்லாம் கிணற்றில் போட்ட கல்தான். கப்பல்கள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் வரைபடம் ஒன்று இணையத்தில் உண்டு. அதில் அண்ணன் கப்பலின் புள்ளி கடல் நடுவில் அசையாமல் நின்றது. கடைசியாகத் தகவல் வந்த இடம் அது. கப்பல் தானாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிய புள்ளியும் நின்றுவிட்டது என்றால், கப்பலில் மின்சாரமே இல்லை என்று அர்த்தமா? நான் கேட்டேன். அண்ணி வாலுவின் காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே போட்ட காலணிக்கு மறுபடியும் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா ஏன் பேசல?" என்றது வாலு.

"அங்க சிக்னல் இல்லடா கண்ணு" என்றாள் அண்ணி. முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் காலையில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகவே வேலைக்குப் போனோம். அண்ணி பறக்கும் விமான நிலையத்தில்தான் எனக்கும் வேலை. பறக்கிறவர்களோடு தரையிலிருந்து ரேடியோவில் பேசுவது, அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டே இருப்பது. "உன் வாய்க்கு ஏத்த வேலை" என்று அண்ணிதான் சேர்த்துவிட்டாள். தகரக் கூரை போட்ட கொட்டகையில் விமானம் நிற்கும். அதை ஒட்டிய குளிரூட்டிய அறையில் நானும் நான்கு திரைகளும். காலையில் அந்த அறையில்தான் எல்லாரும் கூடி அன்றைய செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து எங்கே பறப்பது என்று முடிவு செய்வார்கள்.

எங்கள் குழுத் தலைவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பேர் கைதட்டி. நல்ல மனுஷர். சந்தோஷம் வந்தால் கையைத் தட்டிவிடுவார், இடம் பொருள் பார்க்கமாட்டார். அன்று படத்தைத் திறந்ததும் பளார் என்று தட்டினார்.

"பாருங்க, பாருங்க! என்ன அழகா நிக்குது பாருங்க!"

திரை முழுக்கச் சாம்பல் நிற மேகம். அதன் நடுவே வெள்ளையாக ஒரு கோடு வந்து, திடீரென்று நின்றுவிட்டது.

"கோடுன்னா கொஞ்சம் கொஞ்சமா மங்கும். இது முனையில வெட்டின மாதிரி நிக்குது, முந்தின படத்துக்கு அப்புறம் நீளவே இல்ல. மேகம் இந்தப் பக்கமும் அதே மேகம்தான். ஏன் நின்னுச்சு? அங்கதான் இன்னிக்கு நாம போறோம். செயற்கைக்கோளும் சரியா தலைக்கு மேல வருது. இந்த மாதிரி மறுபடி கிடைக்குமா!"

நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் கோட்டின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு வந்த வழியும், புள்ளி நின்ற இடத்திலிருந்து இத்தனை நேரத்தில் கப்பல் வந்திருக்கக்கூடிய தூரமும், அண்ணன் கப்பல் போக வேண்டிய திசையும் எங்கள் இரண்டு பேருக்குமே மனப்பாடம். காற்று நகர்த்தியதைக் கழித்துப் பார்த்தால் மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. அது அண்ணன் கப்பலின் கோடு.

பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது என்பார்களே, அதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். கைதட்டி இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணியைக் கழிப்பறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

"அண்ணி, கோடு ஏன் நிக்கும்? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"மேகம் மாறியிருந்தா நிக்கும். அங்க மாறல. தூறல் விழுந்து கழுவியிருந்தா நிக்கும். தூறலும் இல்ல." மெதுவாகத்தான் பேசினாள். "எண்ணெய மாத்தியிருந்தா நிக்கும். புகையில கந்தகம் குறைஞ்சிட்டா மேகத்துல கோடு விழாது."

"அப்ப அதுதான்!"

"எல்லை அங்கேயிருந்து இன்னும் எவ்வளவோ தூரம்டி. எல்லைக்கு முன்னாடி எந்தக் கப்பலும் மாத்தாது. உங்க அண்ணன் கப்பல் இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட மாத்தினதில்ல."

"வேற என்ன பாக்கி?"

அவள் குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். பிறகு சொன்னாள்: "இன்ஜின் நின்னிருந்தா நிக்கும்."

பம்புச் சத்தம் என்று அண்ணன் சொன்னது இரண்டு பேர் காதிலும் கேட்டிருக்க வேண்டும்.

"தலைவர்கிட்ட சொல்லிடலாம் அண்ணி."

"சொன்னா என்னை ஏத்தமாட்டாங்க. மனசு சரியில்லாதவங்க பறக்கக் கூடாதுன்னு விதி. நியாயமான விதிதான்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்த விமானம் இன்னிக்கு அந்த முனைக்கு எப்படியும் போகப் போகுது. நான் போகாம இங்க உக்காந்திருக்க முடியுமா? நீயே சொல்லு."

என்னால் முடியாது. அவளால் எப்படி முடியும்? வாயை மூடிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு இரண்டு பேரும் அறைக்குத் திரும்பினோம். அண்ணி பறக்கும் உடையின் ஜிப்பை மேலே இழுத்துக்கொண்டு கிளம்பினாள். அறையைவிட்டுப் போகும்போது சுவரிலிருந்த மின்விசிறிச் சுவிட்சைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். விசிறி ஓடவே இல்லை.

விமானத்தில் முன்னால் இரண்டு பைலட்டுகள், பின்னால் கருவிகளோடு அண்ணி. மேகத்துக்கு மேலே இருக்கும்வரை எனக்கு அவர்கள் குரல் கேட்கும். மேகத்துக்குக் கீழே கடலை உரசுகிற மாதிரி இறங்கிவிட்டால் குரல் அறுந்துவிடும். அப்போது வேறொரு செயற்கைக்கோள் வழியாக இரண்டே விஷயங்கள்தான் என் திரைக்கு வந்துகொண்டிருக்கும்: விமானம் இருக்கும் இடமும் உயரமும், அண்ணியின் கருவி எண்ணுகிற எண்ணும்.

கைதட்டி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

"கோட்டுக்கு மேல வந்துட்டோம். முனைக்கு இறங்கறோம்" என்றார் மூத்த பைலட். பிறகு கரகரவென்று சத்தம், பிறகு அதுவும் இல்லை.

திரையில் எண் ஓடியது. சுத்தமான கடல் காற்றின் சின்ன எண். கப்பல் புகையை வெட்டினால் அது எகிற வேண்டும். நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். இன்ஜின் ஓடினால் புகை, புகை இருந்தால் எண். பதினைந்து வருஷமாக அந்தப் புகையைத் திட்டித் தீர்த்த வீட்டைச் சேர்ந்தவள் நான், அன்று அந்தப் புகைக்காகச் சாமியைக் கூப்பிட்டேன். கொஞ்சமாவது ஏறு. ஏறித் தொலையேன்.

ஏறவில்லை. விமானம் அங்கே சுற்றிச் சுற்றி வந்தது, எண் அசையவே இல்லை. பிறகு மேகத்துக்குள் நுழைந்தார்கள். அண்ணி வால்வைச் சரியாகத் திருப்பியிருக்கிறாள் என்று தெரிந்தது, எண் நிதானமாகவே இருந்தது. மேலே வந்ததும் பைலட் குரல்.

"முனையில ஒண்ணும் இல்ல. கப்பல் இல்ல, புகை இல்ல. கடல் காலியா இருக்கு."

கடல் காலியா இருக்கு. இன்ஜின் நின்ற கப்பல் என்றால் அங்கேதானே மிதந்துகொண்டிருக்க வேண்டும்? மிதக்கவும் இல்லை என்றால்? அதற்கு மேல் நினைக்க என் மனசு மறுத்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னம்மா, முகமெல்லாம் இப்படி வெளுத்துப்போச்சு? டீ குடிச்சீங்களா?" என்றார் கைதட்டி.

"குடிச்சேன் சார்."

ரேடியோவில் அண்ணியின் குரல் வந்தது. பைலட்டிடம்தான் பேசினாள், எனக்கும் கேட்டது. "கப்பல் போன திசையிலேயே இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாமா? புகை நின்ன பிறகு காத்து எப்படி இருக்குன்னும் தெரியும்."

குரலில் ஒரு நடுக்கம் இல்லை. எப்படித்தான் முடிந்ததோ. எனக்கு அவளை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது.

"நல்ல யோசனை, போங்க, போங்க. செயற்கைக்கோள் வர நேரமாச்சு, சீக்கிரம் இறங்குங்க" என்றார் கைதட்டி, என் தோளுக்கு மேலே எட்டி மைக்கில்.

போனார்கள். இறங்கினார்கள். குரல் அறுந்தது. மறுபடியும் நானும் அந்த எண்ணும்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடிகாரத்தைப் பார்க்கவில்லை, திரையைவிட்டுக் கண்ணை எடுத்தால் ஏதோ ஆகிவிடும் என்ற பைத்தியக்காரப் பயம். எண் லேசாக அசைந்தது. கொஞ்சம் ஏறியது, இறங்கியது, மறுபடி கொஞ்சம் ஏறியது. புகைதானா? புகை என்றால் இவ்வளவு சின்னதாகவா? அண்ணன் கப்பல் புகையை வெட்டினால் எண் எப்படிக் குதிக்கும் என்று அண்ணி எத்தனை தடவை காட்டியிருக்கிறாள். இது வேறு யாரோ மீன்பிடிப் படகாக இருக்கலாம். ஒருவேளை ஏதாவது எரிந்து அணைந்த மிச்சப் புகையாக இருந்தால்?

அப்போதுதான் எண் வெடித்தது.

இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்றெல்லாம் இல்லை. திரையில் கோடு மேல் விளிம்பைத் தொட்டு ஓட ஆரம்பித்தது. கைதட்டி துள்ளிக் குதித்தார். பளார், பளார் என்று கொட்டகை அதிர்ந்தது.

"மேகத்துக்குள்ள பாருங்க! மேகத்துக்குள்ள எவ்வளவு துகள் பாருங்க! மேல செயற்கைக்கோள், உள்ள நாம! என் வாழ்க்கையில இப்படி ஒண்ணு பார்த்ததில்ல!"

நான் சந்தோஷப்படவில்லை. எனக்குச் சமையலறைக் கரண்டியும் நனைந்த தரையும்தான் ஞாபகம் வந்தன. இது துகள் இல்லை. இது உடைந்த துளி. விமானம் மேகத்துக்குள் போய்விட்டது, அண்ணி வால்வைத் திருப்பவில்லை. அடுப்புக் குமிழைத் தொட்டுப் பார்க்காமல் படி இறங்காத அண்ணி, திருப்ப மறந்துவிட்டாள்.

கீழே அவள் எதையோ பார்த்துவிட்டாள்.

என்ன பார்த்தாள்? நல்லதா, கெட்டதா? அந்த எண் அதைச் சொல்லவில்லை. அது பாட்டுக்கு உச்சியில் ஓடிக்கொண்டிருந்தது. என் பின்னால் ஒருவர் கைதட்டிக்கொண்டிருந்தார். நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன், இல்லாவிட்டால் அங்கேயே ஓவென்று கத்தியிருப்பேன்.

கரகரப்பு வந்தது. முதலில் வந்தது அண்ணியின் குரல்.

"இப்ப வந்த எண்ணை எடுத்துக்காதீங்க. அது தப்பு. மேகத்துக்குள்ள நுழையும்போது நான் வால்வைத் திருப்பல."

கைதட்டியின் கை காற்றில் நின்றது. "திருப்பலையா? ஏன்? கருவியில கோளாறா?"

"இல்ல சார், நான் மறந்துட்டேன்." மூச்சு இழுப்பது கேட்டது. "கப்பல் ஓடிட்டிருக்கு. பின்னால நுரை தெரியுது. பேரை வாசிச்சேன். என் வீட்டுக்காரர் இருக்கிற கப்பல் சார் அது. மூணு நாளா ஒரு தகவலும் இல்ல. மேல்தளத்துல ஒருத்தர் கைய ஆட்டினாரு. அவரான்னு தெரியல. திரும்பித் திரும்பிப் பார்த்துட்டே இருந்தேன், மேகம் வந்தது தெரியல."

நான் மேசைமேல் தலையைக் கவிழ்த்து அழுதேன். மைக்கை அணைக்காமல் அழுதேன்.

"வாயாடி, அழாத. ஓடுதுடி. கப்பல் ஓடுது" என்றது ரேடியோ.

அவர்கள் இறங்கியதும் கைதட்டி கொட்டகைக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். மனுஷர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தினால் பதிலுக்குக் கத்த நானும் தயாராகவே இருந்தேன். அவர் கத்தவில்லை. இன்ஜின் சூடு ஆறாத விமானத்துக்குப் பக்கத்தில் நின்று, "சொல்லியிருக்கலாமே? கடலுக்கு அவ்வளவு பக்கத்துல பறக்கும்போது உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தா உங்க பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார். அவர் குரல்தான் நடுங்கியது.

"தப்புதான் சார்" என்றாள் அண்ணி.

"இந்தப் பருவம் முழுக்க உங்களை ஏத்த முடியாது. புரியுதா?"

"புரியுது சார்."

எனக்கு மூக்குமேல் கோபம் வந்தது. பொய் எண்ணைப் பொய் என்று சொன்னவளைத் தரையில் உட்கார வைக்கிறீர்களே என்று ஆரம்பித்தேன். அண்ணி என் கையைப் பிடித்து அழுத்தினாள். "விதி நியாயமானதுன்னு காலையிலேயே சொன்னேன்ல" என்றாள்.

பயம் அதோடு போய்விட்டது என்றா நினைக்கிறீர்கள்? கப்பல் ஓடுகிறது என்றால் இன்ஜின் அறையில் யாரோ இருக்கிறார்கள். அந்த யாரோ அண்ணன்தானா? கை ஆட்டியவர் யார்? வீட்டில் இதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அண்ணி தரையில் உட்கார்ந்து பழைய எண்களைச் சரிபார்த்தாள், வீட்டுக்கு வந்து அடுப்புக் குமிழைத் தொட்டாள், தட்டில் போட்டதைப் பாதி வைத்துவிட்டு எழுந்தாள். போன் எங்கே அடித்தாலும், பக்கத்து வீட்டில் அடித்தாலும்கூட, மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம்.

வாலு பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக் கூட இறக்காத ஒரு சாயங்காலம் அழைப்பு வந்தது. நான்தான் எடுத்தேன்.

"என்னடி, எல்லாரும் எப்படி இருக்கீங்க?" என்றான் அண்ணன்.

எப்படி இருக்கீங்களா! என் வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. நான் திட்டி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டான். பெரிய அலை ஒன்று அடித்ததில் கம்பத்து உச்சியில் இருந்த ஆண்டெனாக்கள் மொத்தமும் பிய்த்துக்கொண்டு போய்விட்டனவாம். கரைக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் கைபேசிக்கு சிக்னல் கிடைத்ததாம். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லையாம்.

"ஒரு விமானம் எங்க தலைக்கு மேலவரைக்கும் இறங்கி வந்துச்சாம். நான் இன்ஜின் ரூம்ல இருந்தேன், பார்க்கல. அது என் பொண்டாட்டியாத்தான் இருக்கும்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சானுங்க" என்றான்.

போனை ஒலிபெருக்கியில் போட்டு அண்ணியிடம் நீட்டினேன். வாலு அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டது. போன உயிர் திரும்பி வந்த முகம் எப்படி இருக்கும் என்று அன்று பார்த்தேன். ஆனால் அவள் கேட்டதைப் பாருங்கள்.

"என்னங்க, உங்க கோடு ஏன் பாதியில நின்னுச்சு?"

"கோடா?"

"மேகத்துல உங்க கோடு. வெட்டின மாதிரி நின்னுச்சு. அதைப் பார்த்துட்டு நாங்க இங்க செத்துப் பிழைச்சோம்."

அந்தப் பக்கம் அசட்டுச் சிரிப்பு ஒன்று.

"எண்ணெய மாத்திட்டேன்."

"எல்லை எங்கேயோ இருந்துச்சே! அதுக்குள்ள ஏன் மாத்தினீங்க?"

"பம்பைச் சோதிச்சுப் பார்க்கணும்னு கேப்டன்கிட்ட சொல்லி மாத்தினேன். அதுவும் உண்மைதான்." தொண்டையைச் செருமினான். "இந்த வாரம் அந்தப் பக்கம் பறப்பேன்னு நீ சொல்லியிருந்தியே. பதினஞ்சு வருஷமா கிறுக்கறேன் கிறுக்கறேன்னு திட்டறே. ஒரு தடவையாவது, நீ வர்ற நேரத்துல, உன் மேகத்துல கிறுக்காம போகலாமேன்னு நினைச்சேன். வந்து சொன்னா நீ சந்தோஷப்படுவேன்னு..."

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, இரண்டும்தான். வாலு பயந்துபோய் என்னைப் பார்த்தது. போனில் அண்ணன், "என்னாச்சு? ஏய், என்னாச்சு? நல்லதுதானே பண்ணேன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"இனிமே கிறுக்குங்க" என்றாள். "வர்ற வழியெல்லாம் நல்லாக் கிறுக்கிட்டே வாங்க. நீங்க எங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியணும்."